எட்டு பெருக்கல் இருபத்தைந்து

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் கழுத்தெலும்பில் சீழ் பிடித்துப் படுத்தபோது, இனி எழுந்து நடக்கமாட்டாள் என்று கைவிரித்த டாக்டரை ஜெயித்தாள். இந்த நாற்றத்தில் ஒரு பெண்ணால் ஒரு வாரம்கூட வேலை பார்க்க முடியாது என்று சொன்ன மேலாளரை ஜெயித்தாள்; அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், இவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். புருஷன் போன பிறகு, பிள்ளையைக் கொண்டுபோய் விடுதியில் போடு என்று சொன்ன சொந்தக்காரர்களை ஜெயித்தாள். வேலையிடத்துக் குளத்தில் தவறி விழுந்த எலக்ட்ரீஷியனை, தனக்கே நீச்சல் தெரியாத நிலையிலும், குப்பை அள்ளும் வாருகோலை நீட்டிக் கரையேற்றினாள். அந்த ஆள் இன்றைக்கும் அவளைக் கண்டால் எழுந்து நிற்பார்.

இவையெல்லாம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அது ஒரு பறவையின் காலில் இருந்த மூன்று குறிகளைப் பற்றியது.

வீட்டில் அவளுக்குக் கொக்கு என்று பெயர். நான் வைத்ததுதான். படுக்கையிலிருந்து எழுந்த புதிதில், சுவரில் சாய்ந்து ஒரு காலை மடக்கி நின்றபடியே சாப்பிடுவாள். நோய் போனாலும் கழுத்து பழையபடி ஆகவில்லை. இடம் வலம் கொஞ்சம் திரும்பும். மேலே நிமிராது. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் படுக்கையில் கிடந்ததால் எழுத்தும் சேரவில்லை. எண்கள் மட்டும் நன்றாகத் தெரியும். பஸ் நம்பரிலும், பிற்பாடு பம்பின் அளவுமானியிலும் பழகிக்கொண்டது. சம்பளத்துக்குக் கைநாட்டுதான்.

அவள் வேலை செய்வது கழிவுநீர் நிலையத்தில். ஊரில் எல்லா வீட்டுச் சாக்கடையும் அங்கே வந்து சேர்ந்து, வரிசையாக இருக்கும் குளங்களில் தங்கித் தங்கித் தெளிந்து வெளியே போகும். முதல் குளத்தின் பக்கம் மூக்கைக் கொண்டுபோக முடியாது. கடைசிக் குளத்தில் முகம் பார்க்கலாம். நீளக் கம்பின் முனையில் வலை கட்டிய வாருகோலால், மேலே மிதக்கும் நுரையையும் குப்பையையும் இழுத்து அள்ளுவது அவள் வேலை. கடைசிக் குளத்தின் நடுவில் ஒரு சேற்றுத் திட்டு உண்டு. குளிர்காலம் பிறந்தால் அதில் உள்ளான்கள் வந்து இறங்கும். குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, நீண்ட அலகு, ஓயாமல் சேற்றைக் குத்திக்கொண்டே இருக்கும். மனிதர்கள் அண்ணாந்து பார்க்கும் பறவைகள் எதுவும் என் தங்கைக்குக் கிடையாது. தரைக்கு இறங்கி வருபவைதான் அவளுடைய பறவைகள்.

அவற்றில் ஒன்றின் காலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துண்டு இருந்தது. முதல் வருடம் ஏதோ நூல் சிக்கியிருக்கிறது என்று நினைத்தாள். அடுத்த குளிர்காலமும் ஆரஞ்சு வந்தது. அதற்கடுத்த குளிர்காலம் ஒருநாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் தையல் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, அவ வந்துட்டா."

"எவடி?"

"வளையல்காரி."

"போன வருஷம் வந்தவளேதானா?"

"அதான் தெரியல. அது தெரிஞ்சா போதும் எனக்கு."

"ஆமா, உன்னைப் பாக்கத்தான் கடல் தாண்டி வருதாக்கும். கால் கழுவிட்டு உள்ள வா, முதல்ல."

அவள் சிரிக்கவில்லை. "போனவங்க திரும்பி வருவாங்கன்னு ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துட்டா போதும்க்கா," என்றாள்.

அவள் மகன் அப்போது தூர தேசத்தில் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்தான். போன புதிதில் வருடம் ஒருமுறை வருவதாகச் சொன்னவன். அந்த வருடம் வரும் வரும் என்று நான்கைந்து வருடம் போய்விட்டது. நல்ல பிள்ளைதான், குறை சொல்லமாட்டேன். வாரம் தவறாமல் போனில் முகம் காட்டுவான். பேச்சு பாதியில் படம் உறைந்துபோகும். இவள் உறைந்த முகத்தைப் போனை அணைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். "மூக்குல மச்சம்கூடத் தெரியுதுக்கா, அவ்வளவு கிட்ட," என்பாள். நான் மெஷினை மிதிப்பேன்.

விடுமுறை நாட்களில் பறவை பார்க்கிறவர்கள் நாலைந்து பேர் அனுமதி வாங்கிக்கொண்டு குளக்கரைக்கு வருவார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். வளையல்காரியைப் பற்றி இவள் அவரிடம் கேட்டாள்.

"அது வளையல் இல்லம்மா, கொடி. சின்னப் பிளாஸ்டிக் துண்டு. பறவையைப் பிடிச்சு, காலுல மாட்டி, திரும்ப விட்டுடுவாங்க. ஒவ்வொரு பறவைக்கும் தனி எழுத்து. படிக்க முடிஞ்சா அது எதுன்னு தெரிஞ்சுடும். நாங்களும் ரெண்டு வருஷமா முயற்சி பண்றோம். எங்களைக் கண்டாலே பறந்துடுது."

"என்னைக் கண்டா பறக்காது. தினமும் பாக்கற மூஞ்சிதானே."

அவர் தன் பைனாகுலரைக் கழற்றி இவள் கழுத்தில் மாட்டினார். நல்ல கனமான சாமான். அம்மிக்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது போலிருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். கண்ணில் வைத்தால் இரண்டு வட்டம் தெரிந்தது, இரண்டிலும் பாதிப் பாதிப் பறவை. அவர் நடுக் கீலை மடக்கி இரண்டையும் ஒன்றாக்கித் தந்தார். ஆரஞ்சுக் கொடியும் அதன்மேல் கறுப்பாக ஏதோ கோடுகளும் தெரிந்த நொடியில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. மூன்று நாள் எண்ணெய் தடவினேன்.

அத்தோடு விட்டிருப்பாள் என்று நினைத்தால் அவளைத் தெரியாது என்று அர்த்தம். கூடுதல் நேர வேலைக்கு வந்த பணம் அவளிடம் இருந்தது. கைக்கு அடக்கமான, கனம் இல்லாத பைனாகுலர் வேண்டும் என்றாள். மருந்துக்கடைக்காரர் மூன்று வகையைச் சொல்லி அனுப்பியிருந்தார். எட்டு இருபத்தைந்து, பத்து இருபத்தைந்து, எட்டு முப்பத்திரண்டு. நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்கும் என்றார். பெருக்கல் குறி என்றால் பெருக்கத்தானே வேண்டும்? ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான். வாய்ப்பாடு இன்னும் மறக்கவில்லை. பெருக்கி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் காமிராவும் விற்கிற கடை. கல்லாவில் ஒரு அம்மா, நெற்றிமேல் ஒரு கண்ணாடி, மூக்கின்மேல் ஒரு கண்ணாடி.

"எதைப் பாக்கறதுக்கு வேணும்?" என்றார்.

"காலுல ஆரஞ்சு போட்ட பறவையை," என்றாள் என் தங்கை.

"அது எங்க இருக்கும்மா? மரத்துலயா, தண்ணியிலயா?"

"சாக்கடையில."

அந்த அம்மா ஒரு நிமிடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நேரம் கடத்தாமல் விஷயத்துக்கு வந்தேன்.

"எட்டு முப்பத்திரண்டு, இருநூத்தி அம்பத்தாறு. பத்து இருபத்தஞ்சு, இருநூத்தி அம்பது. எட்டு இருபத்தஞ்சு, இருநூறு. இருநூத்தி அம்பத்தாறுதான் பெருசு. அதை எடுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் நெற்றியில் இருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்தது. "ஏம்மா, தரைக்கு டைல்ஸா போடப்போறீங்க, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கறதுக்கு?"

"குறி பெருக்கல் குறிதானே போட்டிருக்கு?"

"போட்டிருக்கு. ஆனா பெருக்கக்கூடாது. முதல் நம்பர், எத்தனை மடங்கு கிட்ட கொண்டுவந்து காட்டும்னு. ரெண்டாவது, முன்னாடி இருக்கற கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் அகலம்னு. கண்ணுக்கு வெளிச்சம் எவ்வளவு வந்து சேரும்னு தெரியணும்னா, பெரிய நம்பரைச் சின்ன நம்பரால வகுக்கணும்."

வகுத்தேன். முப்பத்திரண்டை எட்டால் வகுத்தால் நான்கு. இருபத்தைந்தை எட்டால் வகுத்தால் மூன்றும் கொஞ்சமும். இருபத்தைந்தைப் பத்தால் வகுத்தால் இரண்டரை. அந்த அம்மா மூன்றையும் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வாசல் வெளிச்சத்தைப் பார்க்க வைத்துக் காட்டினார். கண் வைக்கும் துவாரத்தின் நடுவில் சின்ன வெளிச்சப் பொட்டு ஒன்று தெரிந்தது. எட்டு முப்பத்திரண்டில் மிளகளவு. பத்து இருபத்தைந்தில் கடுகளவு. நான் பெருக்கி இரண்டாமிடம் கொடுத்ததுதான் இங்கே கடைசி. உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாசலில் நின்று, தெருக்கோடியில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் நம்பரைப் படிப்பதுதான் பரீட்சை. பத்து இருபத்தைந்தில் நம்பர் பெரிதாகத் தெரிந்தது, ஆனால் ஆடியது. வாருகோல் பிடித்துப் பிடித்து அவள் கைக்கு எப்போதும் ஒரு மெல்லிய நடுக்கம் உண்டு. மடங்கு கூடினால் நடுக்கமும் கூடித் தெரியும் என்றார் கடைக்கார அம்மா. எட்டு முப்பத்திரண்டில் படம் பாறை மாதிரி நின்றது. மாடிப்படிக்குக் கீழே இருட்டில் இருந்த அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது வரை தெளிவு. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. ஆனால் அது அரைக் கிலோவுக்கு மேல். கழுத்தில் மாட்டியதும் அவள் தோள் ஒரு பக்கம் ஏறியதைப் பார்த்தேன். எட்டு இருபத்தைந்து அதில் பாதிதான். இரண்டு கீல், மடக்கினால் சட்டைப்பையில் போகும். உள்ளே ஈரம் புகாது, பனியடித்தாலும் மங்காது.

"அக்கா, இது மாட்டியிருக்கறதே தெரியல."

"வெளிச்சம் கம்மியாச்சேடி. நாலு இல்ல, மூணுதான்."

"நாலு மாட்டிட்டு வீட்ல படுத்துக்கிடக்கறதுக்கு, மூணு மாட்டிட்டுக் குளத்துல நிக்கலாம்."

கடைக்கார அம்மா வலக்கண் பக்கத்து வளையத்தைத் திருகி அவள் பார்வைக்குச் சரிசெய்து, அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக் கொடுத்தார்.

குளக்கரையில் பம்ப் அறை ஒன்று உண்டு. அதன் ஜன்னலிலிருந்து சேற்றுத் திட்டு இரண்டு பஸ் நீளத்துக்குள்தான். வேலைக்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில் போய் அங்கே நிற்க ஆரம்பித்தாள். நான்காவதோ ஐந்தாவதோ நாள், கொடியிலிருந்த கோடுகள் தெரிந்தன. சாயங்காலம் வந்து என்னிடம் சொன்னாள்.

"மேல ஒரு கவட்டை இருக்கு."

"கவட்டையா?"

"கல்லு விட்டு அடிப்பாங்களே, அந்தக் கவட்டை. அதுக்குக் கீழ ஏணி. ஒரே ஒரு படி மட்டும் வெச்ச ஏணி. அதுக்குக் கீழ ஏழு. ஏழு எனக்கே தெரியும்."

சட்டைகளின் காலரில் அளவு தைத்துத் தைத்து எனக்கு ஆங்கில எழுத்துகள் கொஞ்சம் பழக்கம். எல்லும் எக்ஸ்எல்லும் தெரிந்தவளுக்கு மற்றதும் கொஞ்சம் வரும். கவட்டை ஒய். ஒரு படி ஏணி எச். துணி வெட்டும் மேஜையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். "இதேதான்!" என்று மேஜையைத் தட்டினாள். எழுதியது பாதி அழிந்துவிட்டது.

மருந்துக்கடைக்காரருக்குப் போன் செய்து, கவட்டை, ஏணி, ஏழு என்று அவள் பார்த்தபடியே சொன்னோம். அவர் சந்தோஷத்தில் இருமிவிட்டார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

"படி நேரா இருந்துச்சா, சரிஞ்சு இருந்துச்சா?"

"ஏன்?"

"நேரா இருந்தா எச். சரிஞ்சிருந்தா இங்கிலீஷ் 'என்'. அது வேற பறவை ஆயிடும்மா."

என் தங்கை போனைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று, நேர் என்று சொல், நேர் என்று சொல் என்று கையால் காட்டினேன். எனக்கு அந்த விஷயம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

"தெரியல சார்," என்றாள். "அது திரும்பிக்கிட்டே இருந்துச்சு. நான் நேருன்னு நினைச்சேன். ஆனா சத்தியமாச் சொல்ல முடியாது."

"அப்போ இன்னொரு தடவை பாத்துடுங்க. சந்தேகம் இருந்தா அனுப்பறதுல அர்த்தமில்ல."

"நேருன்னு சொல்லித் தொலைச்சிருந்தா என்னடி?" என்றேன், போனை வைத்ததும்.

"வேற பறவையோட பேரை இவ தலையில கட்டிட்டு, அடுத்த வருஷம் யாரைன்னு தேடுவேன்?"

ஆனால் அதற்குள் குளிர் விட்டுக்கொண்டிருந்தது. உள்ளான்கள் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. உடம்பு பருத்து, நிறம் மாறி, கூட்டம் கூட்டமாக எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி உட்காரும் என்று சொன்னாள். தினமும் திட்டில் கொஞ்சம் இடம் காலியானது. வளையல்காரி இருந்தாள், ஆனால் எப்போதும் திட்டின் அந்தப் பக்கம், மற்றவற்றின் முதுகுக்குப் பின்னால். இல்லையென்றால் காலைத் தூக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் தூங்கினாள். கொடி இருந்த கால்தான் மேலே.

"உன்னை மாதிரியே நிக்குது," என்றேன்.

"என்னை மாதிரி ஏன் நிக்கணும்? கால் வலிக்கப் போகுது பாவம், இறக்கி வெக்கச் சொல்லு."

அவள் சாப்பாடு குறைந்துவிட்டது. மகன் போன் செய்தபோதும் பேச்சு பறவையைப் பற்றித்தான். "அம்மா, நான் எப்ப வரேன்னு கேக்கவே மாட்டேங்கறியே?" என்று அவன் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. "கேட்டா நீ பொய் சொல்லணும். பாவம் உனக்கு எதுக்கு?" என்றாள். 

கடைசியாக ஒருநாள் காலை. அன்று மேகமூட்டம். வெளிச்சம் இல்லை. மூன்று போதும் என்று வாங்கி வந்த கண்ணாடி அன்று போதவில்லை. நான்கை வாங்கியிருக்கலாமோ என்று முதல் தடவையாக நினைத்ததாகப் பின்னால் சொன்னாள். கையும் ஆடியது. அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. வாருகோலைத் தலைகீழாகத் திருப்பி, வலை தரையில் படிய, கம்பை ஜன்னல் சட்டத்தில் சாய்த்து வைத்தாள். கம்பை இடக்கையால் இறுகப் பிடித்து, அந்தக் கைமுட்டிமேல் பைனாகுலரை உட்காரவைத்தாள். படம் நின்றது. ஆட்டம் சுத்தமாக இல்லை. அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை, பறவைதான் மனசு வைக்க வேண்டும்.

அது மனசு வைத்தது. காலை இறக்கியது. இரண்டு அடி இந்தப் பக்கம் நடந்து, பக்கவாட்டில் நின்று, சேற்றைக் குத்த ஆரம்பித்தது. கவட்டை. ஏணி. ஏழு. ஏணியின் படி நேராக இருந்தது. நேர், நேர், நேர் என்று சத்தம் போட்டுச் சொன்னாளாம். பம்ப் ஓடிக்கொண்டிருந்ததால் பறவைக்குக் கேட்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துத் திட்டு முழுதும் காலி. "ஒருத்தரும் இல்லக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

கொடி மாட்டியவர்களிடமிருந்து மருந்துக்கடைக்காரருக்குப் பதில் வந்தபோது, அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். வடக்கே, கோடையில் மட்டும் பனி உருகும் ஒரு கடற்கரையில், பறக்கக்கூடத் தெரியாத குஞ்சாக இருந்தபோது கொடி மாட்டியிருக்கிறார்கள். அதன்பிறகு உலகத்தில் எங்கேயும், யாரும், ஒரு தடவைகூட அதைப் பார்த்துச் சொன்னதில்லை.

"என் பிள்ளை இருக்கற பக்கமா அது?" என்றாள்.

"இல்லம்மா. அது வேற மூலை."

"சரி. போன வருஷம் வந்தது இதுதானா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதைச் சொல்ல முடியாதேம்மா. போன வருஷம் யாரும் எழுத்தைப் படிக்கலையே. இதே கொடி நிறத்துல நிறையப் பறவை இருக்கு. இதுவாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை பாடுபட்டதற்கு இதுதானா பதில்? டீ டம்ளரை நங்கென்று வைத்தேன். என் தங்கை மட்டும் பொறுமையாக இருந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். கழுத்து திரும்பும் அளவுக்குத்தான் அவளால் பார்க்க முடியும். எதிர் வீட்டுச் சுவரும் அதன்மேல் கொஞ்சம் வானமும் தெரிந்திருக்கும்.

"போன வருஷம் போகட்டும்," என்றாள். "இனிமே வந்தா தெரியும்ல?"

"கண்டிப்பாத் தெரியும். ஒய் எச் ஏழு. பாத்தது நீங்கதான்னு எழுதி வெச்சுடுவாங்க. அதுக்கு ஒரு காகிதம் கேட்டிருக்காங்க. நேர்ல பாத்தவர் எப்படிப் பாத்தாருன்னு ரெண்டு வரி. நானே எழுதிட்டேன். கீழ உங்க கைநாட்டு போதும், மை டப்பா கொண்டுவந்திருக்கேன்."

அவர் மை டப்பாவைத் திறந்தார். இவள் கட்டைவிரலை நீட்டவில்லை.

"சார், அது கைப்பிடி அளவு இருக்கு. அது காலுல எழுத்தைப் போட்டுக்கிட்டு உலகத்தைச் சுத்துது. நான் போய்க் கைநாட்டு வெச்சா நல்லாவா இருக்கும்? ஒரு வாரம் குடுங்க."

அந்த வாரம் என் வெட்டு மேஜை என்னுடையதாக இல்லை. நான் ஒருமுறை சாக்பீஸால் அவள் பெயரை எழுதினேன். அதன்மேலேயே எழுதி, அழித்து, எழுதி, தைக்க வந்த துணியிலெல்லாம் வெள்ளைப் பொடி. கையைப் பிடித்துச் சொல்லித்தரப் போனால் தட்டிவிட்டாள். "தள்ளு, நான் பாத்துக்கறேன். ஏணியே புரிஞ்சுது, இது புரியாதா?" சுழி வரும் எழுத்துகளில் திணறினாள். கோடு வரும் எழுத்துகள் சீக்கிரம் வந்தன. கொம்பு ஒன்று மட்டும் கடைசிவரை இடப்பக்கம் சாய்ந்தே நின்றது; அதை அவள் திருத்தவில்லை, நானும் சொல்லவில்லை.

மருந்துக்கடைக்காரர் மறுபடி வந்து, காகிதத்தை மேஜைமேல் விரித்து, தன் பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தார். மகன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.  என் தங்கை குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல், தன் முழுப் பெயரையும் எழுதி முடித்தாள். அன்று 2024 ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை.